அரைக்கட்டை இறக்கி

பி.பி.ஸ்ரீனிவாஸ் கச்சேரிக்குப் போனால் முன்வரிசையில் உட்காரக் கூடாது என்பது என் சித்தப்பாவின் தீர்மானம். முன்வரிசை விருந்தினர்களுக்கும் போட்டோ எடுப்பவர்களுக்கும் உரியது. அங்கே உட்கார்ந்தால் தபேலாவும் கீபோர்டும் நேராக முகத்தில் அடிக்கும். பாடுகிறவரின் குரலோ பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து கிளம்பித் தலைக்கு மேலே போய்விடும். ஆறாவது அல்லது ஏழாவது வரிசை, ஸ்பீக்கருக்கு நேர் எதிர். அதுதான் இடம். "இவர் குரல் நம்மளத் தேடி வராதுடா. அது வர்ற வழியில நாமதான் போய் உட்காரணும்" என்பார். பெரம்பூரிலிருந்து பஸ் பிடித்து, கச்சேரி ஆறரைக்கு என்றால் ஐந்து மணி சுமாருக்கே அரங்கத்தில் இருப்போம். நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு வெளியே வந்து காபி குடிப்போம். அதே மாதிரி கைக்குட்டை போட்டுவிட்டு வந்தவர்கள் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார்கள்.

நான் சொல்வது 2000-க்குப் பிந்தைய வருஷங்களை. காக்கிநாடாவில் 1930 செப்டம்பரில் பிறந்த ஸ்ரீனிவாஸுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. சினிமாவில் அவர் பாட்டு அருகிப்போய்க் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் சென்னையின் மெல்லிசை மேடைகளில் அவர் பெயர் போட்ட நோட்டீஸ் வந்தால் போதும், சித்தப்பாவின் நண்பர் வட்டத்தில் டெலிபோன் மணி ஓயாது. ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், தாலுகா ஆபீஸ்காரர்கள், கணக்கு வாத்தியார், மருந்துக் கடை வைத்திருப்பவர். இலங்கை வானொலியிலும் விவித பாரதியிலும் அவரைக் கேட்டு வளர்ந்த கூட்டம். அவர்களோடு மனைவிமாரும் வருவார்கள். பாட்டுகளை வரிசை தப்பாமல் நினைவில் வைத்திருந்தது பெரும்பாலும் அந்தப் பெண்கள்தான். படத்தின் பெயரில் கணவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்திலிருந்து பதில் வந்துவிடும், கூடவே எந்தத் தியேட்டரில் பார்த்தோம் என்பதும்.

மேடைக்கு அவர் வரும் அழகே தனி. தலையில் சரிகை மின்னும் அலங்காரத் தலைப்பாகை. தோளில் சால்வை. சட்டைப் பையில் வண்ண வண்ணமாகப் பேனாக்கள் வரிசையாக நிற்கும். கையில் நோட்டுப் புத்தகங்கள். சென்னைக்காரர்களுக்கு இந்தக் கோலம் புதிதல்ல. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தவரை, அது 2008-ல் மூடப்படும்வரை, அங்கே காபிக்குப் போனவர்களில் பலர் அவரைப் பார்த்திருப்பார்கள். ஒரு மேஜை, முன்னால் காகிதங்கள், கை எழுதிக்கொண்டே இருக்கும். எட்டு மொழிகளில் கவிதை எழுதியவர். உருதுவில் கஜல் எழுதியவர். மேஜைக்கு வருகிறவரின் பெயரை வைத்தே அங்கேயே நாலு வரி எழுதித் தருவார் என்பார்கள். எங்கள் கூட்டத்தில் மருந்துக் கடைக்காரர் அப்படி ஒரு காகிதம் வாங்கி வைத்திருந்தார். மூன்று வண்ண மையில் எழுதியது. கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருந்தார்.

அந்த நோட்டுகள்தான் மேடைக்கும் வரும். இசை ஸ்டாண்டில் நோட்டை வைத்து, பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கீபோர்டுக்காரர் பக்கம் திரும்பி ஏதோ சொல்வார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தடவை அமுக்குவார். புல்லாங்குழல்காரர் பையைத் திறந்து, கையில் இருந்த குழலை உள்ளே வைத்துவிட்டு, அதைவிட நீளமான ஒன்றை எடுப்பார். சித்தப்பா உடனே என் முழங்கையைத் தொடுவார். "அரைக்கட்டை இறக்கியாச்சு."

சுருதியை இறக்குவதை எங்கள் ஊரில் தோல்வியாகப் பார்க்கிறவர்கள் உண்டு. உச்சத்தில் நின்று பாடுவதே பாட்டு என்று நாடக மேடை நமக்குப் பழக்கிவைத்திருக்கிறது. கிட்டப்பா காலத்தில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தவருக்கும் கேட்க வேண்டுமென்றால் தொண்டையைத் திறந்துதான் ஆக வேண்டும். தியாகராஜ பாகவதரின் சினிமாப் பாட்டிலும் அந்த மேடை இருந்தது. மைக் வந்த பிறகுதான் ஓர் ஆண் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற அளவில் பாட முடிந்தது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பியும் வடக்கே தலத் மெஹ்மூதும் அந்த வழியில் வந்தவர்கள். தமிழில் அதைத் தொடங்கிவைத்தவர் ஏ.எம்.ராஜா. ராஜாவுக்குப் பிறகு ஜெமினி கணேசனின் காதலுக்குக் குரல் கொடுத்தவர் ஸ்ரீனிவாஸ். ஜெமினி ஸ்டூடியோவின் 'மிஸ்டர் சம்பத்' என்ற இந்திப் படத்தில் 1952-லேயே பாட வந்துவிட்டாலும், 1960-ல் வந்த 'அடுத்த வீட்டுப் பெண்' படத்துக்குப் பிறகுதான் தமிழ்நாடு அவரைத் தன்னுடையவர் என்று எடுத்துக்கொண்டது. அடுத்த சில வருஷங்களில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் அவர் பாடியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

தொண்டையை உயர்த்திப் புகழ் பெற்றவர்களுக்கு வயது ஒரு கொடுமை. ஜனங்கள் காத்திருப்பது அந்த மேல் ஸ்தாயிக்கு, முதலில் கைவிடுவதும் அதுதான். ஸ்ரீனிவாஸ் விஷயம் வேறு. அவருடைய சொத்து கீழே இருந்தது. மந்திர ஸ்தாயியில் அவர் குரல் தரையைத் தொட்டுக்கொண்டு நடக்கும். எழுபத்தைந்து வயதில் அது இன்னும் கனத்து, கொஞ்சம் கரகரப்பும் சேர்ந்திருந்தது. மெலிந்தது மூச்சு. இழந்தது நீளம். நிறம் போகவில்லை. இதை நான் அவர்மேல் உள்ள பக்தியால் சொல்லவில்லை. அந்த அரங்கத்தில் ஒவ்வொரு பாட்டையும் இசைத்தட்டோடு ஒப்பிட்டுக் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது இதைத்தான்.

'ராமு' படத்து நிலாப் பாட்டை எடுத்துக்கொள்கிறேன். 1966-ல் வந்தது, எம்.எஸ்.விஸ்வநாதன் பாகேஸ்ரீயில் அமைத்தது. சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பும் நேரம் வந்தால் பாதிச் சீட்டுகளில் இந்தப் பாட்டுதான் இருக்கும். அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொன்னதுமே கைதட்டல் எழும். முன்னிசை தொடங்கியதும் அடங்கிவிடும். சாதாரணமாக மெல்லிசைக் கச்சேரியில் ஜனங்கள் கூடவே பாடுவார்கள், விசில் வரும், பின்வரிசையில் பேச்சு நடக்கும். இந்தப் பாட்டுக்கு அதெல்லாம் கிடையாது. தபேலாக்காரர் உள்ளங்கையை எடுத்துவிட்டு விரல்நுனியில் மட்டும் வாசிப்பார். பல்லவியை அவர் எடுக்கும்போது மைக்குக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வருவார், முகம் சற்றே பக்கவாட்டில் திரும்பியிருக்கும், மூச்சுச் சத்தம் மைக்கில் விழாதபடி. அறுபதுகளில் முழு வாத்தியக் கூட்டமும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க, ஒரே தடவையில் பாடி முடிக்க வேண்டிய ஒலிப்பதிவுக் கூடங்களில் கற்ற பழக்கம். கடைசிவரை போகவில்லை.

இசைத்தட்டில் சரணத்தின் நீண்ட அடியை ஒரே மூச்சில் கொண்டுபோயிருப்பார். மேடையில் அது முடியவில்லை. இரண்டாகப் பிரித்துப் பாடினார். எங்கே பிரித்தார் என்பதைக் கவனித்தால்தான் அவர் யாரென்று புரியும். மூச்சு தீர்கிற இடம்வரை போய்த் தவித்து நிற்கவில்லை. அதற்கு முன்பே, வாக்கியத்தில் பொருள் ஒரு படி முடிகிற சொல்லில் நிறுத்தினார். அந்த இடைவெளியில் தபேலா இரண்டு மாத்திரை நடந்தது. பிறகு மிச்சத்தை எடுத்தார். கண்ணதாசன் அந்த அடியை அப்படித்தான் எழுதியிருந்தாரோ என்று தோன்றியது. முதல் தடவை அந்தப் பாட்டைக் கேட்கிற ஒருவருக்கு அங்கே ஏதோ குறைந்திருப்பதாகவே தெரியாது. ஆயிரம் தடவை கேட்டவர்களுக்கோ, இத்தனை வருஷம் அந்த அடிக்குள் இப்படி ஒரு நிறுத்தம் இருந்ததைக் கவனிக்கவில்லையே என்றிருந்தது. இது பாடகரின் மூளை செய்கிற வேலை. குரல் நாண் தளர்ந்தாலும் அது தளர்வதில்லை.

'இந்த வயசில் எதற்கு மேடை ஏற வேண்டும், பழைய பெயரைக் காப்பாற்றிக்கொண்டு வீட்டில் இருக்கலாமே' என்று பேசுகிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எந்த மூத்த பாடகருக்கும் இதைச் சொல்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. வீட்டில் இருக்கச் சொல்கிறவர்கள் அவருடைய இளமைக்குச் சொந்தம் கொண்டாடுகிறார்கள், அவருக்கு அல்ல. இசைத்தட்டு எங்கும் போய்விடாது. அலமாரியில் இருக்கிறது, இப்போது போனிலும் இருக்கிறது. மேடையில் கிடைப்பது வேறு சரக்கு. தான் முப்பது வயதில் பாடிய பாட்டை எழுபத்தாறு வயதில் ஒருவர் மறுபடி யோசித்துப் பாடுவதைக் கேட்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அதை வேண்டாமென்று சொல்ல ரசிகனுக்கு என்ன உரிமை?

சித்தப்பாவின் நண்பர் ஒருவர் தீவிர டி.எம்.எஸ். பக்தர். இந்தப் பாட்டெல்லாம் தூங்க வைப்பதற்கு என்பது அவர் கட்சி. சித்தப்பா அவரை விடாப்பிடியாக அழைத்து வருவார். 'பார் மகளே பார்' படத்தில் டி.எம்.எஸ்.ஸும் ஸ்ரீனிவாஸும் சேர்ந்து பாடிய, மகளைப் பிரிந்த தகப்பனின் ஏக்கம் சொல்லும் பாட்டு ஒரு நாள் வந்தது. டி.எம்.எஸ். பங்கை ஒரு இளைஞர் கணீரென்று பாடினார். ஸ்ரீனிவாஸ் தன் பங்கைத் தாழ்வாக, ஏறக்குறையப் பேசுவது போலப் பாடினார். பாட்டு முடிந்து சித்தப்பா திரும்பிப் பார்த்தால் நண்பர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே மகள், அதற்கு முந்தைய தையில்தான் கல்யாணமாகி வெளியூர் போயிருந்தாள். சித்தப்பா எதுவும் கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸிலும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அவ்வளவு நாள் சண்டை போட்ட மனிதர் அன்றைக்கு ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருந்தது எனக்குப் பெரிதாகப் பட்டது.

'சுமைதாங்கி' பாட்டில்லாமல் எந்தக் கச்சேரியும் முடியாது. 'மயக்கமா கலக்கமா' என்று தொடங்கும் அந்தப் பாட்டுக்குச் சினிமாவுக்கு வெளியேயும் ஒரு வரலாறு இருக்கிறது. வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டே கிளம்பிவிட முடிவு செய்திருந்த கவிஞர் வாலி, புதிதாகப் பாடிய பாட்டென்று ஸ்ரீனிவாஸ் பாடிக் காட்டிய இதைக் கேட்டு அந்த முடிவை மாற்றிக்கொண்டார். வாலியே இதை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். அறிவிப்பாளர்களும் பாட்டுக்கு முன் தவறாமல் சொல்வார்கள். எங்களுக்கு மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கதைக்குக் கைதட்டினோம், ஏனென்றால் கதையில் வரும் குரல் அப்போது பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. 1962-ல் கேட்டபோது அது ஜெமினி கணேசன் பாடும் பாட்டு. இப்போது கேட்கும்போது ஜெமினி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வாய்ப்பு வந்ததையும் போனதையும் பார்த்துவிட்டு, யாரைப் பற்றியும் குறை சொல்லாமல், தினமும் ஏதாவது எழுதிக்கொண்டே இருந்த ஒரு பெரியவர் சொல்வதாகவே கேட்டோம். கணக்கு வாத்தியார் அந்தப் பாட்டின்போது மட்டும் எழுந்து நின்றுவிடுவார். பின்னால் இருப்பவர்கள் "உட்காருங்க சார்" என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

பெங்களூரிலிருந்து ரயிலேறி வருகிறவர்களையும் சொல்ல வேண்டும். கன்னடத்தில் ராஜ்குமாரின் குரலே ஸ்ரீனிவாஸ்தான். 1974-ல் வந்த 'சம்பத்திகெ சவால்' படத்துக்குப் பிறகு ராஜ்குமார் தன் பாட்டைத் தானே பாடத் தொடங்கினார். அதற்கு முந்தைய ராஜ்குமாரை நினைக்கும் கன்னடர்களின் காதில் விழுவது இவர் குரல். அப்படி வந்த ஒரு குடும்பம் எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்தது. பாட்டி, மகன், மருமகள். சீட்டைக் கன்னடத்தில் எழுதி அனுப்பினார்கள். அவர் வாங்கிப் பார்த்து, முகம் மலர்ந்து, அவர்கள் மொழியிலேயே நாலு வார்த்தை பேசிவிட்டு 'கஸ்தூரி நிவாச' பாட்டைப் பாடினார். அந்தப் படத்தைத்தான் தமிழில் சிவாஜி 'அவன்தான் மனிதன்' என்று செய்தார் என்று சித்தப்பா அந்த மகனிடம் சொல்ல, அவர் பாட்டியிடம் கன்னடத்தில் சொல்ல, பாட்டி சித்தப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தமிழ்ப் பாட்டுக்கு எழாத ஒரு குரல் அந்தப் பாட்டுக்கு ஸ்ரீனிவாஸிடம் எழுந்தது. கன்னடத்தில் அவருக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு மிச்சம் இருந்த மாதிரி பட்டது எனக்கு. சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

2010-ல் செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது. ஜி.வி.பிரகாஷ் இசை. அதில் 'பெம்மானே' என்ற பாட்டை பாம்பே ஜெயஸ்ரீயோடு பாடியிருந்தவர் ஸ்ரீனிவாஸ். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். என் மகள் அதைப் பாடுகிறவர் யாரென்று தெரியாமலே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டிருந்த சித்தப்பா ஒரே ஒரு அடியில் நிமிர்ந்து, "நம்ம ஆளு" என்றார். "யாரு தாத்தா?" என்று கேட்டவளுக்கு அன்று ராத்திரி சாப்பாடு தாமதமானது. 'அடுத்த வீட்டுப் பெண்'ணில் தொடங்கி ஒன்றொன்றாகப் போட வைத்தார். அதற்கடுத்த கச்சேரிக்கு அவளும் வந்தாள். ஆறாவது வரிசையில் உட்கார வைத்தோம்.

2013 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று ஸ்ரீனிவாஸ் காலமானார். மே மாதம் டி.எம்.எஸ். ஜூலையில் வாலி. சித்தப்பா அந்த வருஷத்தை இன்றும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "அந்த வருஷம்" என்றுதான் சொல்வார்.

இப்போது ஸ்ரீனிவாஸ் நினைவாக நடக்கும் கச்சேரிகளுக்குப் போகிறோம். இளைஞர்கள் நன்றாகப் பாடுகிறார்கள். சுருதி சுத்தமாக, இசைத்தட்டில் இருக்கும் ஒவ்வொரு சங்கதியும் விடாமல். என் குறை ஒன்றுதான்: சத்தமாகப் பாடுகிறார்கள். மைக் கையில் இருக்கும்போது அதை நம்பாமல் தொண்டையை நம்புகிறார்கள். போன மார்கழியில் அப்படி ஒரு பையன் நிலாப் பாட்டைப் பாடினான். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். பாட்டு முடிந்து இடைவேளையில் சித்தப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு மேடையின் பின்பக்கம் போனார். எண்பத்திரண்டு வயதில் அந்தப் படிகள் அவருக்குச் சுலபமல்ல.

"தம்பி, ரொம்ப நல்லா இருந்தது. ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க ஐயா."

"ரெண்டாவது சரணத்துல ஒரே மூச்சுல போறீங்க பாருங்க. அவரும் சின்ன வயசுல அப்படித்தான் போனார். அப்புறம் ஒரு இடத்துல நிறுத்த ஆரம்பிச்சார். உங்களுக்கு அவசியம் இல்ல. ஆனா நிறுத்திப் பாருங்க."

பையன் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தான். "எந்த இடம் ஐயா?"

சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வாழ்நாளில் அவர் நாலு பேர் எதிரில் பாடி நான் பார்த்ததில்லை. நாற்காலிகள் அடுக்கிவைத்திருந்த அந்த நடைபாதையில், கீபோர்டுக்காரரும் டீ கொண்டுவந்த பையனும் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த அடியைப் பாடி, நிறுத்தி, விரலால் தொடையில் இரண்டு மாத்திரை தட்டி, மிச்சத்தைப் பாடிக் காட்டினார். பையன் போனை எடுத்து, "ஐயா, இன்னொரு தடவை" என்றான்.